பழைய சர்ச்சுக்குள் ஆட்டமும் பாட்டும்: இந்த நாற்காலியை யார் போட்டது?

வாசகர் கேள்வி, செப்டம்பர் 4

வேலை விஷயமாக நெதர்லாந்து வந்திருக்கிறேன். போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு பழைய தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார். 17ஆம் நூற்றாண்டு இசை, கூடவே அந்தக் காலத்து உடையில் நான்கு பேர் ஆட்டம். எனக்கு இரண்டு சங்கடம். சாமி கும்பிட்ட இடத்தில் டிக்கெட் போட்டு ஆட்டம் நடத்துவது சரியாகப் படவில்லை. அடுத்தது, பாட்டு ஒன்றுமே பிடிபடவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கூழாகிவிட்டது. பக்கத்துத் தெருவில் நல்ல அரங்கம் இருக்கும்போது அங்கே வைத்தால் என்ன?

செப்டம்பர் 4, இரவு

இரண்டாவது புகாரில் நியாயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். முதல் புகாரை இந்த ஊரில் வைத்துச் சொன்னால் எடுபடாது.

நான் இருப்பது உட்ரெக்டில். 1982-இலிருந்து பழைய இசைக்கென்றே விழா நடக்கும் ஊர். நீங்கள் பார்த்தது அந்த விழா அல்ல என்று நினைக்கிறேன், இருந்தாலும் கதை ஒன்றுதான். 1578-இல் ஆம்ஸ்டர்டாம் கால்வினியர் (கறாரான புராட்டஸ்டன்ட் பிரிவினர்) கைக்குப் போன பிறகு வழிபாட்டில் ஆர்கன், அதாவது சர்ச்சின் பெரிய குழாய் வாத்தியம், வாசிக்கக் கூடாது என்றார்கள். ஆனால் ஆர்கனை உடைத்துப் போடவில்லை. அது நகராட்சியின் சொத்து. வாசிப்பவரும் நகராட்சிச் சம்பளக்காரர். அப்படி ஆம்ஸ்டர்டாமின் பழைய சர்ச்சில், அவுட கெர்க்கில், வாசித்தவர்தான் ஸ்வேலிங்க். வழிபாட்டுக்கு முன்னும் பின்னும் ஊர்க்காரர்கள் கேட்க வாசிப்பது அவர் வேலை. கேட்டவர்கள் நடந்துகொண்டே கேட்டார்கள், வியாபாரம் பேசிக்கொண்டே கேட்டார்கள்.

சானெர்டாம் என்று ஓர் ஓவியர், சர்ச் உட்புறங்களாகவே வரைந்து தள்ளியவர். உட்ரெக்டின் பியூர்கெர்க்கை 1644-இல் வரைந்த படத்தில் ஒரு பையன் சுவரில் கிறுக்குகிறான், பக்கத்தில் இன்னொருவன் நாயோடு விளையாடுகிறான். மழைக்கு ஒதுங்குகிற, கூரை போட்ட தெருவாகத்தான் அந்தக் கட்டடத்தை ஊர் பாவித்தது. இன்றைக்கு அதே பியூர்கெர்க்குக்குள் தானே பாடும் கடிகாரங்களும் தெரு ஆர்கன்களும் வைத்த அருங்காட்சியகம் இருக்கிறது.

அப்புறம் யாகோப் ஃபான் ஐக். கண் தெரியாதவர், உட்ரெக்டின் மணிக்கோபுரங்களைப் பார்த்துக்கொண்டவர். 1649-இல் அவர் சம்பளத்தை 80 கில்டரிலிருந்து 100 ஆக்கினார்கள். நிபந்தனை ஒன்று: மாலையில் சர்ச் தோட்டத்தில் உலாத்துகிறவர்களுக்கு அவ்வப்போது தன் சின்னக் குழலை வாசித்துக் காட்ட வேண்டும். டிக்கெட் இல்லை என்பது உண்மைதான். ஆனால் காசு கொடுத்து ஆள் வைத்துச் சர்ச் வளாகத்தில் கச்சேரி நடத்துவது இங்கே நேற்று முளைத்த பழக்கம் இல்லை.

செப்டம்பர் 4, இன்னும் கொஞ்சம் கழித்து

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. வேண்டுமென்றேதான். கால்வினியரிடம் போய் சர்ச்சுக்குள் ஆடலாமா என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. ஆட்டத்துக்குக் கத்தோலிக்கர் பக்கம் போக வேண்டும்.

செப்டம்பர் 5

ஸ்பெயினில் மொன்செராட் மலை. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த மடாலயத்தில் ஒரு ஏடு எழுதினார்கள். பிற்பாடு சிவப்பு அட்டை போட்டதால் ‘சிவப்பு ஏடு’ என்றே பெயர். அதில் இன்று மிஞ்சியிருப்பது பத்துப் பாட்டு. அவற்றை எதற்கு எழுதினோம் என்று ஏட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள்: யாத்திரைக்காரர்கள் இரவு முழுக்க சர்ச்சுக்குள் கண்விழிக்கும்போது பாடவும் ஆடவும் ஆசைப்படுகிறார்கள், பகலில் வெளி முற்றத்திலும் அப்படியே. கண்டதைப் பாடாமல் ஒழுங்கான பக்திப் பாட்டாகப் பாடட்டும். சில பாட்டுகளுக்கு மேலே ‘வட்ட ஆட்டத்துக்கு’ என்றே குறிப்பு. துறவிகள் ஆட்டத்தைத் தடுக்கவில்லை, ஆடுவதற்கு மெட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். 1811-இல் நெப்போலியன் படை மடாலயத்தைக் கொளுத்தியபோது இந்த ஏடு தப்பியதற்குக் காரணம், ஒரு பிரபு அதை இரவல் வாங்கிப் போயிருந்தார். புத்தகம் இரவல் கொடுத்து நல்லது நடந்ததாக எனக்குத் தெரிந்த ஒரே கதை இதுதான்.

பிரான்சில் ஓசேர் பேராலயம். தரையில் பெரிய சுழல்வழி பதித்திருந்தார்கள். ஈஸ்டர் அன்று பாதிரிமார் அதைச் சுற்றிக் கைகோத்து ஆடுவார்கள். நடுவில் மூத்தவர் ஒரு பந்தைப் பிடித்தபடி ஆடி, ஒவ்வொருவரிடமும் வீசி வாங்குவார். ஈஸ்டர் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். புதிதாகப் பதவிக்கு வந்த பாதிரியார்தான் பந்து கொண்டுவர வேண்டும், ஒரு கையில் அடங்காத அளவில். ஆட்டம் முடிந்தால் விருந்து. 1396-இலேயே இதற்கு எழுத்தில் சட்டம் இருந்தது. 1538-இல் நிறுத்தினார்கள். சுழல்வழியையும் பின்னால் பெயர்த்துவிட்டார்கள்.

இன்னொன்று. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஆட்டத்தை இன்று யார் கற்றாலும் முதலில் கையில் வருவது 1589-இல் லாங்ரில் அச்சான ‘ஓர்கெசோகிராஃபி’. எழுதியவர் துவானோ ஆர்போ. அது புனைபெயர், சொந்தப் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டது. ஆள் லாங்ர் பேராலயத்தின் பாதிரியார், எழுதும்போது வயது எழுபதை ஒட்டி. ஸ்வரத்துக்கு ஸ்வரம் பக்கத்தில் எந்தக் கால் எங்கே என்று எழுதிவைத்திருக்கிறார். அதில் வரும் ஒரு மெட்டுக்கு 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் வரிகள் போட்டார்கள். ஆட்ட மெட்டு சுற்றிச் சுற்றிக் கடைசியில் சர்ச்சுக்குள்ளேயே வந்து சேர்ந்துவிட்டது.

செப்டம்பர் 6

கீழே ஒருவர் நன்றாகக் கேட்டிருக்கிறார்: “மொன்செராட்டில் ஆடியவர்கள் பக்தர்கள். கேள்வி கேட்டவர் பார்த்தது அரண்மனை ஆட்டம். இரண்டையும் ஒன்றாக்கலாமா?”

ஆக்கக் கூடாது. 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆட்டம் அரசனை நோக்கி ஆடுவது. கூடத்தின் ஒரு கோடியில் அவன் உட்கார்ந்திருப்பான், வணக்கம் அங்கே, முகம் அங்கே. 1700-இல் ஃபோய்யே என்ற பிரெஞ்சு ஆட்ட ஆசிரியர் வெளியிட்ட ஆட்டக் குறியீட்டில் தாளின் மேல் விளிம்பு என்பதே அரசன் இருக்கிற பக்கம். அதைச் சர்ச்சில் ஆடும்போது அரசன் இடத்தில் யார்? பீடத்துக்கு முதுகைக் காட்டி டிக்கெட் வாங்கியவர்களைப் பார்த்து ஆடுகிறார்கள். வரலாற்று ஆட்டம் என்று அறிவிப்பில் போடுகிறவர்கள் இந்த ஆட்டத்துக்கும் இந்த இடத்துக்கும் வரலாற்றில் சம்பந்தமே இல்லை என்பதைப் போடுவதில்லை. வாடகை குறைவு, படம் எடுத்தால் நன்றாக இருக்கும். பெரும்பாலும் இவ்வளவுதான் காரணம்.

ஆனால் இது மரியாதைக் குறைவு இல்லை. பொருத்தக் குறைவு.

செப்டம்பர் 7

கூழ் விஷயம்.

பெரிய கல் சர்ச்சில் ஒரு கை தட்டினால் அது முழுக்க அடங்க 5, 6 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு போகிற பாட்டு என்றால், நீங்கள் இப்போது கேட்கிற ஸ்வரத்தின் அடியில் முந்தைய பன்னிரண்டு தட்டின் கார்வையும், இன்னும் அடங்காத ஒலியும், ஓடிக்கொண்டிருக்கிறது. ஒற்றைக் குரல் மெதுவாகப் பாடும் லத்தீன் துதிப்பாட்டுக்கு இது வரம். முந்தைய ஸ்வரம் அடுத்ததற்குச் சுருதியாக நிற்கும், தம்பூரா இல்லாமலே தம்பூரா. அதே இடத்தில் நான்கு வயலின் ஓட ஓட வாசித்தால் நீங்கள் சொன்ன கதிதான்.

தூரமும் சேரும். ஒலி ஒரு விநாடியில் சுமார் 343 மீட்டர்தான் போகும். இரண்டு பாடகர் குழுக்களை 34 மீட்டர் இடைவெளியில் நிறுத்தினால் பத்தில் ஒரு விநாடி தாமதம். காதை நம்பினால் தொலைந்தோம். நான் பாடும் குழுவில் (தொழில்முறை இல்லை, வார நாள் மாலைக்காரர்கள்) பயிற்றுநர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: கேட்காதே, என் கையைப் பார். எதிர்ப்புறக் குழு நமக்குத் தாமதமாகத்தான் கேட்கும். அதைக் கேட்டுச் சேர்ந்துகொள்ள நினைத்தால் நாம் பின்னால் போவோம், நம்மைக் கேட்டு அவர்கள் இன்னும் பின்னால் போவார்கள். கடைசி ஸ்வரத்தை எழுதியதைவிடச் சீக்கிரம் விட்டுவிடச் சொல்வார். மீதியைக் கூரை பாடிக்கொள்ளும். மெய்யெழுத்தை மட்டும் கடித்துத் துப்ப வேண்டும், அது ஒன்றுதான் தூரம் போகாது.

எங்கே உட்காருவது என்று கேட்டவருக்கு: முன்னால். முதல் ஆறேழு வரிசை வரை நேரடி ஒலி ஜெயிக்கும். அதைத் தாண்டினால் சுவர் ஜெயிக்கும். பாட்டு மெதுவானது என்றால் பின்னால் போய் உட்காருங்கள், சுவர் ஜெயிக்கட்டும்.

குளிர் இன்னொரு தொல்லை. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் ஆர்கன் குழாயின் சுருதி சுமார் 3 சென்ட் இறங்கும், நூறு சென்ட் அரைச்சுரம். கோடைக்கும் ஜனவரிக்கும் பத்து டிகிரி வித்தியாசம் என்றால் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. ஆட்டுக்குடல் தந்தி போட்ட வாத்தியங்களோ குளிரைவிட ஈரத்துக்கு ஆடும். 400 பேர் மூச்சுவிடும் சர்ச்சில் இடைவேளைக்கு முன் சேர்த்த சுருதி இடைவேளைக்குப் பின் இருக்காது. இடைவேளையில் எல்லாரும் காபிக்குப் போனபோது உள்ளே தனியாக உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும் தியோர்போக்காரரை (நீண்ட கழுத்துள்ள பழைய தந்தி வாத்தியம் அது) பார்த்திருப்பீர்கள். பாவம்.

செப்டம்பர் 8

இந்த இழையில் நான் உண்மையில் சொல்ல வந்தது நாற்காலியைப் பற்றி. இடைக்காலத்தில் கட்டிய சர்ச்சின் நடுக்கூடத்தில் இருக்கைகளே இல்லை. சனங்கள் நின்றார்கள், நடந்தார்கள், தூணில் சாய்ந்தார்கள், ஊர்வலத்தின் பின்னால் போனார்கள். பாடுகிறவர்களும் இடம் மாறினார்கள். மாடத்திலிருந்து ஒரு பாட்டு, தடுப்புக்கு அந்தப் பக்கம் மறைந்திருந்து ஒரு பாட்டு. அப்படி நகரும் சனத்துக்காகக் கட்டிய கூடத்தில் இன்று வரிசையாக நாற்காலி போட்டு எல்லார் முகத்தையும் ஒரே திசைக்குத் திருப்பிவிடுகிறோம். அதைச் செய்கிறவர்களில் நானும் ஒருத்தி. ஒரு சர்ச்சில் கச்சேரிக்கு முன் நாற்காலி போடும் தொண்டர் குழுவில் இருக்கிறேன். நான்கைந்தாக அடுக்கித் தூக்கி, வரிசைக்குப் பன்னிரண்டு, நடுவில் தீயணைப்பு விதிப்படி வழி விட்டு.

வேலை முடிந்து ஒத்திகை நடக்கும்போது நான் உட்காருவதில்லை, சுற்றுவேன். பக்க நடையில் ஒரு தூணுக்குப் பின்னால் போனால் பாடகர்கள் பார்வையிலிருந்து மறைவார்கள், உச்சக்குரல் மங்கும், அடிக்குரல் மட்டும் முதுகுப் பக்கத்திலிருந்து வரும். இன்னும் மூன்று எட்டு வைத்தால் எதிர்ச் சுவர் உச்சக்குரலைத் திருப்பித் தரும். டிக்கெட் வாங்கியவர்களுக்கு இது கிடைப்பதே இல்லை. அவர்களுக்கு ஒரே ஒரு இடம், அதுவும் கூழ் இடமாக இருந்தால் இரண்டு மணி நேரமும் கூழ்.

கேள்வி கேட்டவரே, நீங்கள் எழுந்து இருபது அடி நகர்ந்திருந்தால் வேறு கச்சேரி கேட்டிருப்பீர்கள்.

செப்டம்பர் 9

ஆட்டத்துக்குத் தரை பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும்.

இங்கே பழைய சர்ச்சுகளின் தரை முழுக்கக் கல்லறைப் பலகை. அவுட கெர்க்கில் சுமார் 10,000 பேர் அடியில் இருக்கிறார்கள், ஸ்வேலிங்கும் உண்டு, ரெம்பிராண்டின் மனைவி சாஸ்கியாவும் உண்டு. ஒரு பலகை சற்று இறங்கியிருக்கும், அடுத்தது விரலளவு எழும்பியிருக்கும். நிறையக் கால் பட்ட இடத்தில் கல் வழவழப்பு. செதுக்கிய பெயரும் சின்னமும் புடைத்திருக்கும் இடத்தில் தோல் அடிப்பாகம் போட்ட செருப்பின் நுனி மாட்டும். வழுக்காமல் இருக்கக் குங்கிலியப் பொடி போடலாம் என்றால் கல்லில் கறை படியும் என்று விடமாட்டார்கள், நியாயம்தான். ஆகவே மரப்பலகை மேடை வரும். அது வந்ததும் ஒவ்வொரு குதிப்புக்கும் கூடம் முழுக்கத் தொம் தொம் என்று பறை.

சின்ன வயதில் பரதம் கற்றவள் என்பதால் இங்கே ஒரு மறுமலர்ச்சிக்கால ஆட்ட வகுப்பில் சேர்ந்தபோது தரையைத் தட்டத்தான் கால் போனது. ஆசிரியை சிரித்தார். இந்த ஆட்டத்தில் தட்டுவதே அபூர்வம். முழங்காலை மடித்து, எழும்பி, முன்பாதத்தில் நின்று, மெல்ல இறங்குவது. அழகு முழுக்கக் கணுக்காலுக்குக் கீழே. சர்ச் தரையோ சரிவில்லாத சமதரை. நாற்காலிகளுக்குப் பின் மூன்றாவது வரிசையிலிருந்து என்ன தெரியும்? தலைகள். இறகு வைத்த தொப்பி இப்படிப் போகும், அப்படி வரும். ஒரு ஊரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கடைசி வரை அதை நடைப்போட்டி என்றே நினைத்தார்.

ஃபோய்யே குறியீடு ஆடுபவர்கள் தரையில் போடும் வழியை மேலிருந்து பார்த்தபடி வரைகிறது. இருவர் பிரிந்து வளைந்து மறுபடி சேரும் கோலம் மேலிருந்துதான் புரியும். சர்ச்சில் மேலே இருப்பது ஆர்கன் மாடம். பாதுகாப்பு காரணமாக அங்கே யாரையும் விடுவதில்லை. ஆட்டத்தை ஆட்டமாகப் பார்ப்பவர் ஆர்கன்காரர் ஒருவர்தான், அவருக்கும் முதுகுப் பக்கம்.

செப்டம்பர் 11

இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியாவைக் கேட்டவருக்குச் சுருக்கமாக. அங்கே கார்வை சுமார் 11 விநாடி. அருங்காட்சியகமாக இருந்த காலத்தில் உள்ளே பாட அனுமதி இல்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2010-இல் உள்ளே பலூன் உடைத்துப் பதிவு செய்தார்கள். அந்த ஒரு ‘டப்’ எப்படித் தேய்ந்து அடங்குகிறது என்பதிலிருந்து கட்டடத்தின் குணத்தைக் கணக்குப் போட்டு, அமெரிக்காவில் பாடிய கப்பெல்லா ரோமானா குழுவின் பைசாந்தியப் பாட்டுகளை அந்தக் கட்டடத்துக்குள் பாடியது போல ஆக்கினார்கள். இசைத்தட்டு 2019-இல் வந்தது. அடுத்த வருடமே கட்டடம் மறுபடி பள்ளிவாசல் ஆயிற்று. ஹெட்ஃபோனில் கேளுங்கள். நாற்காலிப் பிரச்சினை இல்லை.

செப்டம்பர் 12

“நம்ம ஊரில் இந்த மாதிரி உண்டா?” தரங்கம்பாடிக்குப் போங்கள். சீகன்பால்கு என்ற ஜெர்மன் மிஷனரி 1706-இல் வந்து இறங்கியவர், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்றும் நிற்கிறது, அவர் கல்லறையும் அதற்குள்தான். அவர் படித்தது ஜெர்மனியின் ஹாலேயில். ஏறக்குறைய அதே சமயத்தில் அந்த ஊர்ப் பேராலயத்தில் ஒரு வருடம் ஆர்கன் வாசித்த பையன் பெயர் ஹாண்டல், பின்னால் பெரிய இசையமைப்பாளர் ஆனவர். அந்த மரபின் ஜெர்மன் துதிப்பாட்டுகளைத் தமிழாக்கி ‘ஞானப்பாட்டு’ என்ற பெயரில் நம் லுத்தரன் சபைகளில் இன்றும் பாடுகிறார்கள், கீர்த்தனை தனி, ஞானப்பாட்டு தனி. ஐரோப்பாவில் டிக்கெட் வாங்கிக் கேட்கும் மெட்டைத் தரங்கம்பாடியில் ஞாயிற்றுக்கிழமை சும்மா கேட்கலாம். இதைப் பழைய இசை என்று யாரும் விளம்பரம் செய்வதில்லை. செய்யாதவரை நல்லது.

செப்டம்பர் 14

8ஆம் தேதி எழுதியதற்கு நிறைய எதிர்ப்பு. முட்டிவலிக்காரர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, என் அம்மா இங்கே வந்தபோது முதலில் தேடியதே நாற்காலியைத்தான். ஆனால் என்னை யோசிக்கவைத்தது வேறு: ஜெர்மனியின் லைப்சிக்.

இசையமைப்பாளர் பாக் வேலை பார்த்த தாமஸ் சர்ச்சும் இடைக்காலக் கல் கட்டடம்தான். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்துக்குப் பிறகு அங்கே பிரசங்கம் முக்கியம். பிரசங்கம் மணிக்கணக்கில் என்றால் உட்கார வேண்டும், வார்த்தை புரிய வேண்டும். மரத்தில் மாடங்கள் கட்டினார்கள், இருக்கைகள் போட்டார்கள், திரை தொங்கவிட்டார்கள். மரமும் துணியும் ஆளும் சேர்ந்து கார்வையைக் குடித்தன. ஹோப் பேகனல் என்ற ஒலியியலாளர் 1930 வாக்கிலேயே இதைச் சுட்டிக்காட்டினார்: பாக்கின் ஓடும் குரல்கள் அத்தனை நெருக்கமாக அமைந்தும் தெளிவாகக் கேட்டதற்கு அந்த மரவேலை ஒரு காரணம். ஆக, இருக்கை போட்டதால்தான் பாக்கின் இசைக்கு அந்த இடம் கிடைத்தது என்று சொன்னால் என்னால் மறுக்க முடியாது.

அதனால் என் வாதத்தைக் குறுக்கிக்கொள்கிறேன். 1500-க்கு முந்தைய பாட்டு என்றால் நாற்காலியை எடுங்கள். பிந்தையது என்றால் போடுங்கள், கூடவே மரமும் துணியும் போடுங்கள். இரண்டும் கலந்த நிகழ்ச்சி என்றால் பாதி இடத்தை விடுங்கள். இப்படி ஒரு முறை பாதி காலியாக விட்ட இடத்தில் நடந்தது இது: தூண்கள்தான் முதலில் நிரம்பின, சாய்வதற்கு. பிறகு ஒருவர் கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக் கல்லறைப் பலகை மேல் மல்லாந்து படுத்தார். குழந்தைகள் முதல் பாட்டுக்கு ஓடின, இரண்டாவதுக்குத் தானே அடங்கின. நாற்காலியில் இருந்தவர்களில் சிலர் இடைவேளைக்குப் பின் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். இந்தப் பக்கத்திலிருந்து யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. படுத்திருந்தவர் தூங்கிவிட்டார், அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

செப்டம்பர் 15

மரியாதை விவாதம் மறுபடி கிளம்பியிருப்பதால் ஸ்பெயினின் செவில்லைச் சொல்லாமல் விட முடியாது. பேராலயப் பீடத்துக்கு முன்னால், நற்கருணை அப்பம் வைத்திருக்கும்போதே, பத்துச் சிறுவர்கள் தலையில் தொப்பியோடு, கையில் காஸ்டனெட் (சின்னத் தாளக்கட்டை) தட்டிக்கொண்டு இன்றும் ஆடுகிறார்கள். டிசம்பரில் நீல உடை, திவ்ய நற்கருணைத் திருநாளுக்குச் சிவப்பு. ‘செய்செஸ்’ என்று பெயர். ஊரில் ஒரு கதை உண்டு, கதைதான்: ரோமில் இதைத் தடைசெய்யப் பார்த்தார்களாம், கடைசியில் இப்போதுள்ள உடை கிழியும் வரை ஆடிக்கொள்ளட்டும் என்று விட்டார்களாம். அன்றிலிருந்து ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, முழு உடையாக ஒருபோதும் மாற்றாமல் ஓட்டுகிறார்களாம். இவர்கள் ஆடுவது பீடத்துக்கு. யாருக்காக ஆடுகிறோம் என்ற குழப்பமே அங்கே இல்லை.

செப்டம்பர் 15, மாலை

பார்க்க வேண்டாம், ஆட வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்ட தம்பிக்கு: லக்சம்பர்க்கில் எக்டர்நாக். பெந்தெகொஸ்தே முடிந்த செவ்வாய். ஊர் முழுக்க ஒரே துள்ளல் மெட்டு, வரிசை வரிசையாக ஆட்கள், பக்கத்து ஆளின் கைக்குட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமுமாகத் துள்ளி, தெரு வழியாகப் பேராலயத்துக்குள் புகுந்து புனித வில்லிபிரார்டு கல்லறையைத் தாண்டி வெளியே வர வேண்டும். 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். கட்டடம் 1944-இல் போரில் நொறுங்கி மறுபடி கட்டியது, அதனால் ‘பழைய’ என்பதில் குறை சொல்கிறவர்கள் சொல்லலாம். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. வெளியூர்க்காரர்கள் ஏதாவது ஒரு குழுவோடு சேர்ந்துதான் ஆட முடியும், முன்கூட்டியே பேசி வையுங்கள். கைக்குட்டை பெரியதாக எடுத்துப் போ, சின்னதாக இருந்தால் பக்கத்து ஆளின் முழங்கை விலாவில் இடிக்கும்.